லேடி டிரிவன்

2022 மார்ச்சில் என் சீட்டு முடிந்தது. மாதம் 10,000 ரூபாய், 40 மாதம். நடுவில் மகளின் கல்லூரிக் கட்டணம், மாமியாரின் கண் ஆபரேஷன் என்று எத்தனையோ வந்தும் ஏலத்தில் எடுக்காமல் கடைசிவரை தள்ளிக்கொண்டே வந்ததால், 4 லட்சம் முழுதாகக் கைக்கு வந்தது. 22 வருடமாகச் சம்பளம் வாங்குகிறேன். இன்ன செலவுக்கு என்று முன்கூட்டியே பெயர் எழுதப்படாத பணம் என்னிடம் வந்தது அதுதான் முதல் தடவை.

அன்று இரவு சாப்பிடும்போது சொன்னேன். "நான் ஒரு கார் வாங்கப்போறேன்."

"நம்ம வண்டி நல்லாத்தானே இருக்குது?" என்றார் கணவர்.

"அது உங்க வண்டி. எனக்கு ஒண்ணு."

"சரி, வேலைக்குப் போகவா? சின்னதா ஒரு ஆட்டோமேட்டிக் பார்க்கலாம். லேடீஸுக்கு அதுதான் வசதி."

"வேலைக்குத்தான் கம்பெனி பஸ் இருக்குதுங்களே. எனக்கு ஓட்டறதுக்கு வேணும். டிக்கி வச்ச வண்டி, நல்ல பிக்கப், மேனுவல் கியர்."

"ஓட்டறதுக்குன்னா, எங்க போறதுக்கு?"

"எங்கயும் போறதுக்கு இல்ல. ஓட்டறதுக்கு."

அவர் கோபப்படவில்லை. கோபப்படுகிற மனிதரும் இல்லை. தயிரை ஊற்றிக்கொண்டே, "அதுக்கு எதுக்கு 4 லட்சம்?" என்று மட்டும் கேட்டார். அடுத்த ஒரு மாதத்தில் அண்ணன், நாத்தனார், மகள், கம்பெனித் தோழிகள், பக்கத்து வீட்டு அக்கா என எல்லோரும் அதையேதான் கேட்டார்கள். எதுக்கு?

2003இல் நான் ஸ்கூட்டர் வாங்கியபோது யாரும் இதைக் கேட்கவில்லை. மகளைப் பள்ளியில் விட வேண்டும், ரேஷன் வாங்க வேண்டும், மாமனாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். கேள்விக்கு முன்பே பதில் இருந்தது. 2018இல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசு மானியத்தில் ஸ்கூட்டர் கொடுத்தார்கள். 2021இல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றார்கள். இரண்டையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பஸ் இலவசமான பிறகு எங்கள் லைனில் வேலைக்குச் சேர்ந்த பெண்களை எனக்கு நேரில் தெரியும். ஆனால் ஸ்கூட்டருக்கும் பஸ்ஸுக்கும் பின்னால் "எங்கே போகிறாய்?" என்ற கேள்விக்கு ஒரு நல்ல பதில் இருக்கிறது. பெண் நகர்ந்தால் ஒரு காரியத்துக்காக நகர வேண்டும். என் அண்ணன் 50 வயதில் புல்லட் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை எங்கும் போகாமல் பவானி வரை போய்விட்டுத் திரும்பி வருகிறான். அவனை யாரும் "எதுக்கு?" என்று கேட்டதில்லை. அவனுக்கு அது ஆசை. எனக்கு அது வீண்செலவு.

*

எனக்கு ஊர் சங்ககிரி. அப்பா லாரி டிரைவர். அசோக் லேலண்ட் காமெட்டில் பம்பாய், கல்கத்தா என்று 30 வருடம் ஓட்டினார். மாதத்தில் நான்கைந்து நாள்தான் வீட்டில் இருப்பார். லாரி ஷெட்டுக்கு வந்தால் நானும் அண்ணனும் கேபினில் ஏறி உட்கார்ந்துகொள்வோம். ஷெட்டிலிருந்து டீசல் பங்க் வரை ஒரு கிலோமீட்டர். அதுதான் எங்கள் உல்லாசப் பயணம்.

அந்த லாரியில் கியர் மாற்ற கிளட்ச்சை இரண்டு முறை மிதிக்க வேண்டும். ஒருமுறை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டு தட்டி, மறுபடி மிதித்துக் கீழ் கியரில் போட வேண்டும். இன்ஜின் வேகமும் கியரின் வேகமும் ஒத்துப்போகாவிட்டால் கடகடவென்று பல் அரைக்கும். அப்பா போட்டால் சத்தமே வராது. எப்போது தட்டுவார், எவ்வளவு தட்டுவார் என்று எனக்குக் காதிலேயே பாடமாக இருந்தது. அண்ணனுக்கு 16 வயதானதும் மைதானத்தில் ஸ்டீயரிங்கைக் கொடுத்தார். அவனுக்கு அதில் இஷ்டமே இல்லை. ஒவ்வொரு தடவையும் பல் அரைத்தான். நான் மைதானத்து ஓரத்தில் புளியமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கொடுக்கலாம் என்று அப்பாவுக்குத் தோன்றவே இல்லை. கேட்கலாம் என்று எனக்கும் தோன்றவில்லை. அவர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. அப்படி ஒன்று இருப்பதே எங்கள் இருவர் கண்ணிலும் படவில்லை.

டிப்ளமோ முடித்துக் கோயம்புத்தூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். குவாலிட்டி கன்ட்ரோல். மைக்ரோமீட்டரும் வெர்னியரும் கையில் வைத்துக்கொண்டு, கார்களுக்குள் போகிற பாகங்களை 22 வருடமாக அளந்துகொண்டிருக்கிறேன். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடினாலும் தூக்கி ஓரமாக வைப்பேன். என் கையெழுத்து இல்லாமல் பெட்டி வெளியே போகாது. 2004இல் கார் லைசென்சும் எடுத்தேன். கணவரின் காரை நான் ஓட்டும்போதெல்லாம் அவர் கை ஹேண்ட்பிரேக் மேலேயே இருக்கும். "கிளட்ச்", "கிளட்ச்" என்பார். நாலாவது ஞாயிற்றுக்கிழமை நானே சாவியைக் கொடுத்துவிட்டேன். அதன்பிறகு 18 வருடம் இடதுபக்க சீட்டு.

*

4 லட்சத்தில் ஸ்போர்ட்ஸ் செடானா என்று சிரிக்க வேண்டாம். பிஎம்டபிள்யூ 3 சீரிஸ்கூடப் பழையது சில லட்சத்துக்குக் கிடைக்கிறது. வாங்கிவிடலாம், வைத்துக்கொள்வதுதான் கஷ்டம். வண்டி பழசானாலும் அதன் பாகங்களுக்குப் புது வண்டியின் விலைதான். ஒரு ரிப்பேர் என் மூன்று மாதச் சம்பளம். எனக்கு வேண்டியது எளிமையானது. நாலு கதவு, டிக்கி, ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் தயங்காமல் திரும்பும் முன்பக்கம், கியரைக் குறைத்து மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்டுகிற இன்ஜின். முக்கியமாக, காலையில் சாவி போட்டால் ஸ்டார்ட் ஆக வேண்டும்.

முதலில் பணத்தைப் பிரித்தேன். வண்டிக்கு 3,25,000. மீதி 75,000 முதல் வருட வேலைகளுக்கு. பழைய வண்டி வாங்குகிறவர்கள் செய்யும் பெரிய தப்பு, கையிலிருக்கும் முழுப் பணத்தையும் விலையாகக் கொடுத்துவிடுவது. டயர், பேட்டரி, புஷ், பிரேக் பேட், ஆயில் எல்லாம் வாங்கிய மறுவாரமே வாசலில் வந்து நிற்கும்.

பிறகு ஒரு நோட்டில் பெயர்களை எழுதினேன். ஹோண்டா சிவிக், 1.8 லிட்டர், 132 குதிரைத்திறன். அழகான வண்டி, ஆனால் வயிறு தாழ்ந்தது. எங்கள் தெருவின் ஸ்பீடு பிரேக்கரில் தினமும் உரசும். ஃபோக்ஸ்வாகன் வென்டோ டிஎஸ்ஐ, சின்ன டர்போ இன்ஜினில் 105 குதிரைத்திறன். ஆனால் அதோடு வரும் ஏழு கியர் டிஎஸ்ஜி பெட்டி கெட்டுப்போனால் என் 75,000மும் போதாது. மேலும் அது ஆட்டோமேட்டிக். ஃபியட் லீனியா டி-ஜெட், 1.4 லிட்டர் டர்போ, 114 குதிரைத்திறன். ஸ்டீயரிங்கைப் பிடித்தவர்கள் மறக்க மாட்டார்கள் என்கிறார்கள். ஆனால் ஃபியட் பெயரில் இங்கே புதுக் கார் விற்பனையே நின்றுவிட்டது. ஒரு சென்சாருக்கு ஒரு மாதம் காத்திருக்க என்னால் முடியாது.

மிஞ்சியது இரண்டு. ஒன்று ஃபோர்டு ஃபியஸ்டா 1.6. நம் மறைமலை நகரில் செய்தது. 101 குதிரைத்திறன், ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங், ரோட்டில் என்ன இருக்கிறது என்று உள்ளங்கைக்குச் சொல்லும் வண்டி. டைமிங் பெல்ட்டைக் காலாகாலத்தில் மாற்ற வேண்டும். இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் ஃபோர்டு அறிவித்துவிட்டது. இன்னொன்று 2008 கடைசியில் வந்த மாடல் ஹோண்டா சிட்டி. 1.5 லிட்டர் ஐவிடெக், 118 குதிரைத்திறன். பெல்ட்டுக்குப் பதில் செயின். எந்த ஊர் மெக்கானிக்குக்கும் தெரிந்த இன்ஜின். ஸ்டீயரிங் எலக்ட்ரிக் என்பதால் ஃபியஸ்டா அளவுக்குப் பேசாது. ஆனால் 6,600 ஆர்.பி.எம். வரை சளைக்காமல் சுற்றினால்தான் அந்த இன்ஜினின் முழுத் திறனும் வரும்.

ஃபியஸ்டா ஆசை, சிட்டி புத்தி என்று நோட்டில் எழுதி வைத்தேன்.

*

முதலில் போனது ஒரு கார் கன்சல்டிங். கணவரும் வந்தார். வாசலிலேயே, "வாங்க சார், பட்ஜெட் என்னங்க சார்?" என்றார்கள். "எனக்குத்தாங்க வண்டி" என்றேன். "சரிங்க மேடம்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, சாவியை அவரிடம் கொடுத்தார்கள். "சார் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க. மேடம் பின்னாடி உக்காந்து ஏசி கூலிங் எப்படின்னு பாருங்க." நான் பின்னால் உட்கார்ந்து ஏசி பார்த்தேன். ஏசி நன்றாக இருந்தது.

திரும்பும் வழியில் கணவரிடம், "அடுத்த தடவை நீங்க வர வேண்டாம்" என்றேன். அவருக்கு வருத்தம். "நான் என்ன பண்ணினேன்?" உண்மையில் அவர் ஒன்றும் செய்யவில்லை. சாவியை நீட்டினார்கள், வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான். ஆண்களுக்கு எல்லாம் இப்படித்தான் கைக்கு வருகிறது, கேட்காமலே.

அடுத்த ஞாயிறு எங்கள் பெயின்ட் செக்‌ஷனில் வேலை செய்யும் தோழியைக் கூட்டிக்கொண்டு ஒரு ஃபியஸ்டா பார்க்கப் போனேன். மேனேஜரிடம் கேட்டு, கம்பெனியின் கோட்டிங் திக்னஸ் கேஜை ஒருநாள் கடன் வாங்கியிருந்தேன். உள்ளங்கையில் அடங்கும் கருவி. தகட்டின் மேல் வைத்தால் பெயின்ட் எத்தனை மைக்ரான் என்று காட்டும். தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் பொதுவாக 100லிருந்து 150 மைக்ரானுக்குள் இருக்கும். மறுபடி பெயின்ட் அடித்திருந்தால் 200, 300 என்று ஏறும். உள்ளே பட்டி பூசியிருந்தால் அதற்கும் மேலே போகும்.

"சார் வரலீங்களா?" என்றார் விற்பவர்.

"வரலீங்க."

வண்டி சிவப்பு. பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் ஆசை. பானெட் 118. முன்பக்கம் இடது ஃபெண்டர் 121. கூரை 115. தோழி எண்களைச் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதினேன். வலதுபக்கப் பின்கதவு 430. அதற்குப் பின்னால் இருக்கும் பாகம் 680. கூரையைத் தாங்கும் தூண் 310.

"சின்ன ஸ்க்ராட்ச்சுங்க மேடம், டச்சப் பண்ணியிருக்கு."

டிக்கியைத் திறந்து மேட்டைத் தூக்கினேன். கம்பெனி வெல்டிங் சீரான இடைவெளியில் பொட்டு வைத்ததுபோல் இருக்கும். இடதுபக்கம் பொட்டுகள் இருந்தன. வலதுபக்கம் கையால் இழுத்த வெல்டிங், அதன்மேல் தார்போல ஒரு பூச்சு. யாரோ ஒரு லாரி, பின்னால் நன்றாக வந்து மோதியிருக்கிறது.

"மேடம் எங்க வேலை பண்றீங்க?" என்றார் அவர். குரல் மாறியிருந்தது. முதன்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார். அந்தச் சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். ஆனால் ஸ்கூட்டரில் திரும்பும்போது கசந்தது. கருவி கையில் இருந்ததால்தானே அந்த மரியாதை? கேஜ் இல்லாத பெண்ணிடம் அந்த வண்டியை விற்றிருப்பார்கள். அவள் அதில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போயிருப்பாள்.

கேஜ் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெயிலில், பக்கவாட்டில் குனிந்து நின்று வண்டியின் நீளத்துக்கும் பாருங்கள். மறுபடி பெயின்ட் அடித்த இடத்தில் பிம்பம் நெளியும். கதவு இடுக்குகள் இரண்டு பக்கமும் ஒரே அகலமா என்று விரல் வைத்துப் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். வெள்ளத்தில் முங்கிய வண்டியில் சேற்றுக்கோடு அங்கேதான் மிஞ்சும். சீட்டுக்கு அடியில் கம்பிகளில் துரு இருக்கிறதா பாருங்கள். "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். மீட்டரை நம்பாதீர்கள். பில்களை வரிசையாக வைத்து கிலோமீட்டரைக் கூட்டிப் பாருங்கள். இதற்கெல்லாம் பொறியியல் படிப்பு வேண்டாம். அரிசியில் கல் பொறுக்கும் கண் போதும். அது நம்மிடம் நிறையவே இருக்கிறது.

*

விளம்பரங்களில் ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வந்தது. "லேடி டிரிவன்." சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி, லேடி டிரிவன். விலையைக் கூட்டும் சொல் அது. கோயிலுக்கும் பள்ளிக்கும் மட்டும் போன வண்டி, இன்ஜினை யாரும் மிதிக்கவில்லை, மெதுவாக, பயந்து பயந்து ஓட்டியது என்று பொருள். ரோட்டில் நம்மைப் பார்த்துச் சிரிக்கிற அதே காரணம், விற்கும்போது லாபமாகிவிடுகிறது.

இயந்திரத்தின் கணக்கிலும் அது தவறு. பக்கத்தில் பக்கத்தில் மட்டுமே ஓடும் வண்டியில் இன்ஜின் முழுதாகச் சூடேறுவதே இல்லை. உள்ளே ஈரம் தங்கும், ஆயில் கெடும். ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் பாலாடைபோல ஒட்டியிருக்கும். பேட்டரி பாதி உயிரில் இருக்கும். அவ்வப்போது நெடுஞ்சாலையில் நன்றாக ஓடிய வண்டிதான் ஆரோக்கியமாக இருக்கும். அடைத்து வைப்பதைப் பாதுகாப்பு என்று நினைப்பது கார் விஷயத்தில்கூட உண்மையில்லை.

இத்தனைக்கும் காரின் முதல் நெடும்பயணத்தையே ஓட்டியவர் ஒரு பெண். 1888 ஆகஸ்டில் பெர்தா பென்ஸ், கணவர் செய்த மூன்று சக்கர வண்டியை அவருக்குச் சொல்லாமல் எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் போனார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பிரேக் தேய்ந்தபோது ஒரு செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தரச் சொன்னார். எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டிருந்தால் அவரிடம் ஒரு நல்ல பதில் இருந்தது. அவர் அம்மா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

ஈரோட்டிலிருந்து வந்த விளம்பரத்திலும் "லேடி டிரிவன்" என்று இருந்தது. 2012 சிட்டி, மேனுவல், 74,000 கிலோமீட்டர். யாரோ கணவர் போட்ட விளம்பரம் என்று நினைத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவர் 61 வயதுப் பெண்மணி, ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியை. விளம்பரத்தை எழுதிக் கொடுத்தது தரகராம். "முட்டி போயிடுச்சும்மா. கிளட்ச் மிதிக்க முடியல. இல்லேன்னா இதைக் குடுக்க மாட்டேன்" என்றார்.

பானெட் குளிர்ந்திருந்தது. முதல் சாவியில் பிடித்தது. புகை இல்லை. இடது முன்கதவில் மட்டும் கேஜ் 240 காட்டியது. நான் கேட்கும் முன்பே, "அது நம்ம கேட்ல நானே உரசினது. பில் இருக்கு" என்றார். ஒரு தடித்த ஃபைலை மேஜையில் வைத்தார். பத்து வருடத்து பில்கள், தேதி வரிசையில். ஹோண்டாவின் அந்தக் காலத்து வண்டிகளில் டகாட்டா ஏர்பேக் இன்ஃபிளேட்டரைத் திரும்ப அழைத்து இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். மாற்றியதற்கான சீட்டும் அதில் இருந்தது. டிரைவர் பக்க ஏர்பேக்கே 2019 ஜூலையில்தான் இந்தியாவில் கட்டாயமானது என்பதால், இந்த வயது வண்டிகளில் அது இருக்கிறதா, சரியாக இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும். டயர்கள் ஆறு வருடப் பழசு. முன்பக்கம் லோயர் ஆர்ம் புஷ் பள்ளத்தில் டொக்கென்றது. அவையெல்லாம் என் 75,000க்குள் அடங்கும்.

நான் ஐந்தடி உயரம். ஓட்டிப் பார்க்க உட்கார்ந்ததும் அவரே குனிந்து சீட்டின் உயரத்தைக் கூட்டிக் கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பெருந்துறை பக்கம் நெடுஞ்சாலைக்கு வந்ததும் நான் 2,500 ஆர்.பி.எம்.மில் மூன்றாவதுக்கு மாற்றப் போனேன்.

"இருங்க. ரெண்டுலயே இழுங்க."

3,000. 4,000. இன்ஜின் சத்தம் மாறியது. அதுவரை முனகிக்கொண்டிருந்த வண்டி தொண்டையைத் திறந்தது. 5,000. 6,000. முள் ஏற ஏற என் கை வியர்த்தது. ஸ்பீடாமீட்டர் 80ஐத் தொட்டபோது மூன்றாவதுக்கு மாற்றினேன். இவ்வளவுதான் நடந்தது. ஆறேழு விநாடி இருக்கும். 47 வயதில் நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"இதுக்குத்தான்" என்றார் அவர். நான் எதுவுமே கேட்டிருக்கவில்லை.

3,40,000 கேட்டார். டயர் கணக்கைச் சொன்னேன். 3,15,000க்கு ஒத்துக்கொண்டார். பணம் எண்ணும்போது ஒன்றே ஒன்று கேட்டார். "நீங்கதானே ஓட்டப்போறீங்க? வீட்டுக்காரர் இல்லியே?"

*

பெயர் மாற்றுவதற்கு 29ஆம் நம்பர் படிவம், 30ஆம் நம்பர் படிவம். 30இல் வாங்குகிறவர் பெயருக்குப் பக்கத்தில் மகன் / மனைவி / மகள் என்று ஒரு வரி. யாருடையவளாகவாவது இருந்தே ஆக வேண்டும். தரகர் என்னைக் கேட்காமலே "மனைவி" என்று போட்டிருந்தார். அப்பா பெயரைப் போடலாமா, அம்மா பெயரைப் போடலாமா என்று யோசித்தேன். "ஆதார்ல உள்ளபடிதாங்க்கா போடணும், இல்லேன்னா திருப்பி அனுப்பிருவாங்க" என்றார். ஆதாரில் கணவர் பெயர். விட்டுவிட்டேன். எல்லா இடத்திலும் சண்டை போட முடிவதில்லை. ஓனர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது.

டயர் நாலும் 22,000. ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், பேட், புஷ் எல்லாம் சேர்த்து 17,500. இன்சூரன்ஸும் பெயர் மாற்றமும் 16,500. வண்டி விலையோடு மொத்தம் 3,71,000. மீதி 29,000 இன்றும் தனிக் கணக்கில் இருக்கிறது.

முதல் வாரம் ஹோப் காலேஜ் சிக்னலில் மூன்று முறை ஆஃப் பண்ணினேன். பின்னால் ஹாரன். ஒருவர் எட்டிப் பார்த்து, "அதான பார்த்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்து அழுதேன். கணவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "நான் வேணா பக்கத்துல உக்காரட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். ஞாயிறுதோறும் காலை ஐந்து மணிக்குத் தனியாக ஆனைகட்டி ரோட்டில் ஓட்டினேன். இரண்டு மாதத்தில் கால் பழகியது. ஒருநாள் வளைவுக்கு முன்னால் மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றும்போது என் கால் தானாக ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டு தட்டியது. இந்தக் கியர்பெட்டிக்கு அது தேவையே இல்லை. புளியமரத்தடியில் நின்று நான் கேட்டிருந்த சத்தம் அது.

எங்கள் வீட்டில் வண்டிச் சாவிகள் வாசல் பக்கத்து ஆணியில் தொங்கும். என் சாவி என் கைப்பையில் இருக்கிறது. ஒருமுறை கணவர் ஆணியில் தேடிவிட்டு, "உன் சாவி எங்க?" என்று கேட்டார். "உன் சாவி" என்றுதான் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.

*

அப்பா 2016இல் போய்விட்டார். அம்மா அண்ணனோடு சங்ககிரியில் இருக்கிறாள். போன தை மாதம் கூப்பிட்டேன். "கொல்லிமலை போலாமா?" நாமக்கல்லுக்குப் போகும்போதெல்லாம் தூரத்தில் நீலமாகத் தெரிந்த மலை. வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறாள், ஏறியதில்லை. "எட்டுக்கை அம்மனப் பாக்கலாம்" என்றாள் உடனே. அவளும் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டாள்.

காரவள்ளியில் மலை ஆரம்பிக்கிறது. 70 கொண்டை ஊசி வளைவு. அம்மா முன்சீட்டில், கையில் எலுமிச்சம்பழம். முதல் பத்து வளைவு அவள் கதவுப் பிடியை விடவில்லை. ஹாரன் அடித்து, இரண்டாவது கியரில் வளைத்து, வளைவு முடியும்போது மிதித்து, அடுத்ததுக்கு முன் மறுபடி அடங்கி என்று எனக்கு ஒரு தாளம் கிடைத்துவிட்டது. எதிரே பஸ் வந்தபோது அது ஒதுங்கி நின்று, மேலே ஏறுகிற எனக்கு வழிவிட்டது. டிரைவர் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். முப்பதாவது வளைவில் அம்மா ஜன்னலை இறக்கச் சொன்னாள். குளிர்ந்த காற்று. எலுமிச்சம்பழத்தை டேஷ்போர்டில் வைத்துவிட்டாள். அது ஒவ்வொரு வளைவுக்கும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டது. அம்மா அதைப் பார்த்துச் சிரித்தாள்.

"உங்கப்பாரு வண்டில நான் ஒருக்காகூட ஏறுனதில்ல, தெரியுமா?"

தெரியாது. 30 வருடம் லாரி ஓட்டியவரின் மனைவி. எனக்கு அது தோன்றியதே இல்லை. டீசல் பங்க் வரை எங்களையாவது ஏற்றிக்கொண்டார். அந்த நேரத்தில் அவள் உள்ளே அவருக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்துக்கொண்டிருப்பாள்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அறுபது வளைவு தாண்டியிருக்கும். கீழே வயல்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. அம்மா முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்கண்ணு, இதுக்குத்தான் அந்த மனுசன் வூடு தங்காமப் போனாரா?"

என்ன சொல்வது? அவருக்கு முதுகு போனது, தூக்கம் போனது, சோற்றுக்காகத்தான் ஓட்டினார். அது அம்மாவுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். ஆனால் அதற்குள் இதுவும் இருந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து அவர் சொன்னதெல்லாம் கஷ்டத்தை மட்டும்தான்.

"இதுவும் கொஞ்சம் இருந்திருக்கும்மா" என்றேன்.

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். செம்மேடு வரும்போது, "திரும்பிப் போறப்பவும் இதே வழிதானா?" என்றாள்.

"ஆமாம்மா. அதே எழுபதும்."

"அப்பச் செரி" என்றாள்.